வாசல் நடைக்கு என்ன கலர்?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் முதலில் சின்னத் துணித்துண்டில் சாயம் ஏற்றி, லைட் பாக்ஸில் பல வெளிச்சங்களில் பார்ப்பார்கள். பகலில் பொருந்தும் நிறம் கடை விளக்கில் மாறித் தெரிந்தால் ஆர்டரே கைவிட்டுப் போகலாம்.

சாமளாபுரத்தில் நாலடி அகல வாசல் நடைக்குப் பெயின்ட் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். ஷேடு கார்டை மட்டும் நம்பினால், பிடிக்காதபோது பெயின்டும் கூலியும் இரட்டைச் செலவு.

சிறிய டப்பா போதும். சுவரில் 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்தபின் காலை, மாலை, இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னல் இல்லாத நடைக்கு கிரீம், இளமஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் வெளிச்சம் கூட்டும். தறி ஓடும் ஊரில் பஞ்சுத் தூசு படியும். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷனாகக் கேட்டு வாங்குங்கள்.