ராத்திரியில் வீடியோ கேம் ஆடிய சிறுமி: குற்றவாளி யார்?

ராத்திரி 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கி விட்டார்கள். கூடத்தில் மட்டும் டி.வி. வெளிச்சம். சத்தம் இல்லை.

இது 1997-ம் ஆண்டு, சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக் குடித்தன வீட்டில் நடந்தது. மறுநாள் காலையில் எழுந்த 9 வயதுப் பையன், வீடியோ கேம் பெட்டியின் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தான். கை சுட்டது! "அப்பா, ராத்திரி யாரோ ஆடியிருக்காங்க" என்று ஒரே கூச்சல்.

விசாரணை நீளவில்லை. 11 வயது அக்காள் தலையைக் குனிந்து கொண்டாள். தம்பி தூங்கிய பிறகு தினமும் அவள் எழுந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து விட்டு மரியோ ஆடி வந்தது அம்பலம் ஆனது. அன்று மட்டும் பிளக்கைப் பிடுங்க மறந்து விட்டாள். மாட்டிக் கொண்டாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரியில என்ன கேம் வேண்டிக் கிடக்கு?" என்று தகப்பனார் அதட்டினார். பெட்டி பீரோவுக்குள் போனது. பையன் கேட்டால் மட்டும் வெளியே வந்தது.

அந்தத் தகப்பனாருக்கு இப்போது வயது 62. குமாஸ்தா வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு என்ன தெரியுமா? உடைந்த பொம்மைகளையும் பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் பழுது பார்ப்பது! சாவி கொடுத்தால் ஓடும் தகர ரெயில், கை ஒடிந்த தலையாட்டிப் பொம்மை, பர்மா பஜாரில் எப்போதோ வாங்கிய கேம் கேசட்டுகள் என்று மாடிப்படி அடியில் குவித்து வைத்திருக்கிறார். உதிரிச் சாமான் வேண்டும் என்றால் ரிச்சி தெருவுக்கு நடையைக் கட்டி விடுவார். "கிழவனுக்கு மறுபடியும் பால்யம்" என்று வீட்டில் கேலி. அவர் கவலைப்படுவது இல்லை.

ஆனால் பொம்மைகளைக் கழற்றிக் கழற்றி மாட்டும்போது பழைய கேஸ் ஒன்று அவர் மனதில் குடைந்து கொண்டே இருக்கிறது. குற்றவாளி மகள் அல்ல, தான்தான் என்கிறார்.

மூர் மார்க்கெட் நாட்கள்

அவர் சிறுவனாக இருந்த காலத்தில், 1985-ல் எரிந்து போன மூர் மார்க்கெட்டுக்கு அப்பாவோடு போவார். அவருக்கு வாங்கிக் கொடுத்தது நட்டு, போல்ட்டு, ஓட்டை போட்ட இரும்புப் பட்டை உள்ள மெக்கானோ பெட்டி. தங்கைக்கு மரச் சொப்பு. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் செய்த கிரேன் சிக்கிக் கொண்டால் அதைச் சரி செய்ததோ அந்தத் தங்கைதான்!

மெக்கானோவை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-ல் உருவாக்கினார். ஆரம்பத்தில் இருந்தே அதைப் பையன்கள் சாமான் என்றுதான் விற்றார்கள். நட்டைத் திருக ஆண் விரல்தான் வேண்டுமா? கம்பெனிக்காரர்கள் போட்ட கோடு அது. நாமும் அதைத் தாண்டவில்லை.

"கணக்கு கஷ்டம்" என்ற பொம்மை

1992-ல் அமெரிக்காவில் ஒரு பேசும் பார்பி பொம்மை வந்தது. பொத்தானை அழுத்தினால் பேசும். அதன் வசனங்களில் ஒன்று, கணக்கு வகுப்பு கஷ்டம் என்பது! பெண்கள் அமைப்புகள் சண்டைக்கு வந்தன. கம்பெனி அந்த வசனத்தை எடுத்தது. மறுவருஷம் சில குறும்புக்காரர்கள், பார்பியின் குரல் பெட்டியையும் சிப்பாய் பொம்மையின் குரல் பெட்டியையும் இடம் மாற்றிப் பொருத்தி, சத்தம் இல்லாமல் கடை அலமாரியிலேயே திருப்பி வைத்து விட்டார்கள். வாங்கிப் போன வீடுகளில் பார்பி போர் முழக்கம் செய்தது! சட்டப்படி சரியா என்பது வேறு. நல்ல வேலை.

சிரிப்பை விடுங்கள். அதே அமெரிக்காவில் கல்லூரியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1984 வாக்கில் 100-க்கு 37 பேர். பிறகு இறங்கிக் கொண்டே வந்து 2010 வாக்கில் 18 ஆகி விட்டது. இறங்கத் தொடங்கிய அந்த வருஷங்களில்தான் வீட்டுக் கம்ப்யூட்டரையும் வீடியோ கேமையும் பையன்களுக்கு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 1989-ல் வந்த கையடக்க கேம் பெட்டியின் பெயரே கேம் பாய்! எல்லாப் பழியும் விளம்பரத்தின் மேல்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் பிஷர் இருவரும் மாணவர்களைக் கேட்டுப் பார்த்தபோது வெளியான சேதி என்ன? பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது மகனின் அறையில்!

சின்ன வயதிலேயே தொட்டுப் பழகியவனுக்குத் தகுந்தபடி பாடம் நடந்தால், தொடவே விடாதவள் என்ன செய்வாள்? அனுபவம் இல்லாதவர்களுக்கும் ஏற்றபடி அங்கே வழிமுறைகளை மாற்றினார்கள். 1995-ல் 100-க்கு 7 ஆக இருந்த பெண்கள் 2000-ல் 42 ஆனார்கள். ஐந்தே வருஷம்!

கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியான ஒரு சோதனை இன்னும் வேடிக்கை. ஓர் உருவத்தை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் திறமையில் ஆண்கள் முந்தி இருந்தார்கள். என்ஜினீயர் வேலைக்கு வேண்டிய திறமை இது. ஆண், பெண் இருபாலரையும் 10 மணி நேரம் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆட விட்டார்கள். பெண்கள் அதிகமாக முன்னேறினார்கள். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்து போனது. சிறிய சோதனைதான். இருந்தாலும் 10 மணி நேரத்தில் குறைகிற வித்தியாசத்தை, பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது?

மகள் ராத்திரி திருட்டுத்தனமாக ஆடியதும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு இருக்கும் என்கிறார் ரிட்டையர்டு குமாஸ்தா.

ராத்திரி பகல் பாராமல் மொபைலில் கேம் ஆடிப் படிப்பைக் கெடுத்துக் கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தனிக் கேஸ். அதில் பையன்தான் ஆடலாம் என்று யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

பல்லாங்குழி மட்டமா?

அதற்காகப் பெண் பிள்ளைகள் சாமான் எல்லாம் உதவாது என்றும் எண்ண வேண்டாம். பல்லாங்குழியில் 14 குழி. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணி விடுவாள் பாட்டி. மனக் கணக்கு வேறு என்ன? "அது பொம்பளை ஆட்டம்" என்று ஒதுங்கிப் போன பையனுக்குத்தான் நஷ்டம். வாசல் கோலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1970-களில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் புள்ளியையும் கோட்டையும் கம்ப்யூட்டர் கணிதமாக ஆராய்ச்சி செய்தார்கள். உலகமே படித்தது. நம் வீட்டில் அது பொம்பளை வேலை!

கலிபோர்னியாவில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய கடைகள், குழந்தைச் சாமான் விற்றால், ஆண்-பெண் என்று பிரிக்காத ஒரு பகுதி வைத்தே ஆக வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் சட்டம். மீறினால் அபராதம். நம் ஊரில் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. கடைக்காரர்கள் மனசு வைத்தால் போதும்.

போன பொங்கலுக்கு மகள் வந்திருந்தார். இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அப்பா அந்தப் பழைய பெட்டியைச் சரி செய்து டி.வி.யில் மாட்டி, "ஆடும்மா" என்று ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். மகள் சிரித்தபடி உட்கார்ந்தார். கை தானாக டி.வி. ரிமோட்டை எடுத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தது.

தகப்பனார் எழுந்து அடுக்களைக்குப் போய் விட்டார்.

போன மாதம் பேத்தியின் பிறந்த நாள். பாரிமுனை பக்கம் ஒரு பொம்மைக் கடைக்குப் போனார். கடைக்காரர் வழக்கம்போல் கேட்டார்: "பையனா, பொண்ணா சார்?"

"ஏழு வயசு."

"அது சரி சார், பையனா, பொண்ணா?"

"ஏழு வயசு. எதைக் கொடுத்தாலும் கழட்டிப் போடும்."

கடைக்காரர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, மேல் தட்டில் இருந்து நட்டு-போல்ட்டு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.