கேஸ் ஷீட்டில் இல்லாத ஆண்

குன்னத்திலிருந்து நர்சிங் படிக்கப் போனேன். நோயாளியை மதிப்பிடுவதென்றால் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று கற்றுத்தந்தார்கள். வார்டில் எச்ஐவி தொற்றோடு வந்த பெண்ணிடம் முதல் கேள்வியே வேறு: “யார்கிட்ட போன?” பக்கத்தில் நின்ற கணவனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாய்மூடி எழுதிக்கொண்டேன்.

இந்தியாவில் எச்ஐவி இருப்பதை 1986இல் கண்டறிந்தவர்கள் பெண்கள்: சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. பெருமைதான். ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள்? காவல் இல்லத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகள். எதற்கான சோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களிடம் போன ஆண்களை எந்த இல்லத்தில் அடைத்தார்கள்?

சோதனைக்கு ஒப்புதல் வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2017இல். 31 ஆண்டுகள்! சட்டம் வந்தும் அந்தக் கேள்வி வார்டை விட்டுப் போகவில்லை.

தொற்று யாரிடமிருந்து, யாருக்கு என்று கேட்கத்தான் வேண்டும். இருவரிடமும் கேளுங்கள், தனியே, மரியாதையோடு, ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு. கிருமிக்குக் கற்பு தெரியாது. தோழிகளே, பேனா இப்போது நம் கையில். அவள் நடத்தைக்கு மதிப்பெண் போடவா நாம் நர்சிங் படித்தோம்?