வாங்கிய கருவியும் கட்டிய கருவியும்

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குக் கருவி வாங்குவதில் காட்டப்படும் அக்கறை, கருவியைக் கட்டப் பழக்குவதில் காட்டப்படுவதில்லை. 2016-இல் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் இத்தகைய 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வில்லியனூர், பாகூர் போன்ற புதுச்சேரியின் கொம்யூன் எனப்படும் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் இத்தகைய ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்கள், பெட்டியில் வரும் பாகங்களைக் குறிப்பின்படி பொருத்துவதோடு நின்றுவிடுவார்களா, அளவிடும் கருவி ஒன்றைத் தாங்களே உருவாக்குவார்களா என்பதே கேள்வி. இதற்கு உரைகல்லாக அமையத்தக்கது, அணுக்களின் வரிசையைக் காட்டும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் எனப்படும் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி.

சூரிக் நகரை அடுத்த ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகிய இருவரும் 1981-இல் உருவாக்கிய இக்கருவி, 1986-இல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியை அவர்களுக்குப் பெற்றுத்தந்தது. இதில் வில்லையும் இல்லை, ஒளியும் இல்லை. கூரிய உலோக முனை ஒன்று, மின்கடத்தும் பரப்பின்மேல் ஒரு நானோமீட்டர் அளவிலான, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான இடைவெளியில் நிறுத்தப்படுகிறது. இரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் கொடுக்கும்போது, எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி அந்த இடைவெளியை ஊடுருவ, நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அது மாறாதிருக்கும்படி முனையை ஏற்றி இறக்குவது பின்னூட்டச் சுற்றின் வேலை. அந்த ஏற்ற இறக்கங்களை வரிவரியாகப் பதிவு செய்தால் பரப்பின் படம் கிடைக்கிறது.

இதன் உறுப்புகளில் பல, மின்னணுப் பொருள் கடையில் கிடைப்பவை என்பதால், உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் வீட்டிலேயே இதைக் கட்டியிருக்கிறார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் மிகச் சிறிதளவு வளைந்து கொடுக்கும் பீசோ தகடு, மலிவான பஸ்ஸருக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேற்பூச்சை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியே மின்னழுத்தம் கொடுத்தால், முனையை மூன்று அச்சுகளிலும் நகர்த்த முடியும். டங்ஸ்டன் கம்பியைக் காரக் கரைசலில் மின்னாற்றலால் அரித்தோ, பிளாட்டினம்-இரிடியம் கம்பியைச் சாய்வாக இழுத்து வெட்டியோ முனை செய்யப்படுகிறது. முனையில் பாயும் ஒரு நானோஆம்பியர் மின்னோட்டம், 100 மெகாஓம் மின்தடை பொருத்திய பெருக்கியில் 0.1 வோல்ட்டாக மாறி, அளக்கத்தக்கதாகிறது.

பணத்தைவிட அதிர்வே இங்கு பெருந்தடை. பின்னிக்கும் ரோரரும் தொடக்கத்தில் மீக்கடத்தியின் உதவியால் கருவியைக் காந்தப்புலத்தில் மிதக்கவைத்தே அதிர்விலிருந்து காக்க முயன்றார்கள். விழுப்புரம் செல்லும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் கடந்து செல்லும் வில்லியனூரில் தரையின் நடுக்கமும், நெல்வயல் சூழ்ந்த பாகூரில் மோட்டார் பம்புகளும் மின்கம்பிகளும் பரப்பும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும், கடற்கரை மண்டலத்தின் ஈரப்பதமும் கருவிக்குப் பகையாகும். இவற்றுக்கு விலையுயர்ந்த விடைகள் மட்டுமே உண்டு என்பதில்லை: கருவியைச் சுருள்வில்லில் தொங்கவிடலாம், அடியில் காந்தங்களை வைத்து, உலோகத் தட்டில் தோன்றும் சுழல் மின்னோட்டத்தால் ஊசலாட்டத்தை அடக்கலாம், உலோகப் பெட்டிக்குள் வைத்து மின்கலத்தால் இயக்கலாம், காற்றில் எளிதில் துருவேறாத கிராஃபைட்டை மாதிரியாகக் கொண்டு, ஒட்டுநாடாவால் மேலடுக்கை உரித்துப் புதுப்பரப்பைப் பெறலாம்.

இத்தனைக்குப் பிறகும் திரையில் தோன்றும் மேடுபள்ளங்கள் அணுக்கள்தாம் என்று உறுதியாகிவிடாது. மின் இரைச்சலும் சீரான அலைகளை வரையக்கூடும். வருடும் வேகத்தையும் திசையையும் மாற்றிய பிறகும் அமைப்பு மாறாதிருக்கிறதா, புள்ளிகளின் இடைவெளி கிராஃபைட்டுக்கு உரிய 0.246 நானோமீட்டரோடு பொருந்துகிறதா என்று சோதித்த பின்னரே படத்தை நம்பலாம். தன் கருவியையே ஐயுறும் இந்தப் பழக்கம், விலைகொடுத்து வாங்கிய கருவியின் பொத்தானை அழுத்துவதால் எளிதில் வருவதில்லை. மின்கடத்தாத இலையையோ உயிரணுவையோ இக்கருவி நேரடியாகக் காட்டாது என்பதும் உண்மைதான். ஆனால் இங்கு படத்தைவிட, அதை அடையும் வழியே கல்வி.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 0.35 கெல்வின் குளிர்நிலையிலும் 9 டெஸ்லா காந்தப்புலத்திலும் இயங்கும் இவ்வகை நுண்ணோக்கியைத் தாங்களே கட்டி, அதன் அமைப்பை 2013-இல் வெளியிட்டார்கள். டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், வீட்டில் செய்யத்தக்க இயற்பியல் கருவிகளுக்கென ஃபீனிக்ஸ் திட்டத்தைத் தொடங்கி, கணினியோடு இணையும் மலிவான அளவீட்டுக் கருவிகளை மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது. முன்னது ஆய்வின் உச்சத்தையும், பின்னது வகுப்பறையையும் சேர்ந்தது. கொம்யூன் மாணவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டுக்கும் நடுவிலான பாலம்.

பாகூரில் கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு, அவ்வூரில் வித்யாஸ்தானம் எனப்பட்ட கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கிறது. கற்பிப்போருக்குத் தொடர்ந்து வருவாய் கிடைத்தால்தான் கல்வி நிலைக்கும் என்ற அந்தத் தெளிவு இன்றைய ஆய்வகங்களுக்கும் வேண்டும். சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியருக்கு வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்குதல், உடையும் பாகங்களுக்குத் தனி நிதி வைத்தல், தோல்விகளையும் பதிந்த செய்முறைக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் அளித்தல், காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையோடு பள்ளிகளை இணைத்தல் ஆகிய நான்கையும் கல்வித்துறை முதலில் செய்ய வேண்டும். கருவிப்பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.