ஓரகடம் கார் ஆலைக்குள் புகுந்த கிருமி! சின்னப் பட்டறைகளுக்குக் காவல் யார்?

சென்னை: குண்டு விழவில்லை. வேலைநிறுத்தமும் இல்லை. ஆனாலும் 2017 மே மாதம் ஓரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையில் உற்பத்தி தடைப்பட்டது. காரணம், ‘வான்னாகிரை’ என்ற கம்ப்யூட்டர் கிருமி!

மே 12-ந்தேதி கிளம்பிய கிருமி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டது. “300 டாலர் கட்டினால்தான் திறப்போம்” என்று திரையில் மிரட்டல். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடிப் போயின.

இது வட கொரியாவின் கைவரிசை என்று அதே டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின. வட கொரியா மறுத்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்!

அரசு என்ன செய்தது?

முக்கிய கம்ப்யூட்டர் அமைப்புகளைக் காக்க 2014-லேயே மத்திய அரசு தனி மையம் தொடங்கியது. மின்சாரம், பாங்கி, டெலிபோன், போக்குவரத்து எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. கார் ஆலைகளுக்கு அதில் தனி இடம் இல்லை.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே கிருமி புகுந்தது. முதலில் மறுப்பு, மறுநாள் ஒப்புதல்! உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருந்ததால் அவற்றுக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

2022 ஏப்ரலில் வந்தது கண்டிப்பான உத்தரவு. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ என்ற மத்திய அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும்.

பின்வாசல் திறந்திருக்கிறதே!

நல்ல உத்தரவுதான். ஆனால் இது திருடன் வந்து போன பிறகு போலீசுக்குச் சொல்வது மாதிரி. கதவுக்குப் பூட்டு போடுவது யார்?

கார் ஆலைகளுக்கு உதிரி பாகம் மணிக் கணக்குப்படி போய்ச் சேர வேண்டும். ஆர்டர், பில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பெரிய ஆலையின் கேட்டில் எத்தனை காவல் போட்டாலும், பாகம் அனுப்பும் பட்டறையின் பழைய கம்ப்யூட்டர் வழியே கிருமி நுழைய முடியும். பட்டறை முதலாளிக்குத் தனியாக நிபுணரை வைத்துச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகுமா?

ஸ்ரீபெரும்புதூர்-ஓரகடம் பட்டறைகளுக்கு அரசே நிபுணர்களை அனுப்பி, பழைய கம்ப்யூட்டர்களைச் சோதித்து, திருத்தம் போட்டுத் தர வேண்டும். ஆலை ஒரு நாள் நின்றால் கம்பெனி தாங்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியும் எதிரே உள்ள டீக்கடை வியாபாரமும் தாங்குமா?