மலைக்கு ஒரு செஸ் வாத்தியார் வேண்டும்

ஆர்.பி. ரமேஷ் இன்னும் பத்து வருஷம் தாராளமாக ஆடியிருக்கலாம். 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தி கேட்டு, பன்னிரண்டு வயதில் காயைத் தொட்டவர் அவர். இன்றைய கணக்குக்கு அது ரொம்பத் தாமதம். அந்த வயதில் அவருடைய மாணவர் பிரக்ஞானந்தா கிராண்ட்மாஸ்டரே ஆகிவிட்டார். அப்படியும் ரமேஷ் 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2003இல் கிராண்ட்மாஸ்டர், 2007இல் காமன்வெல்த் சாம்பியன். இந்தியன் ஆயில் வேலை கையில் இருந்தது. அந்த வேலையையும் விட்டு, சொந்த ஆட்டத்தையும் ஓரங்கட்டிவிட்டு, 2008இல் மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து சென்னையில் ‘செஸ் குருகுல’த்தைத் தொடங்கினார். ஆர்த்தியும் லேசுப்பட்டவர் இல்லை. 1999இல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வென்றவர்.

பிரக்ஞானந்தா, அக்கா வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி என்று ரமேஷிடம் படித்தவர்களின் பெயரை நாம் மடமடவென்று சொல்வோம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் வெண்கலம் வாங்கிய இந்திய ‘பி’ அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான். மத்திய அரசு 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியா விருது கொடுத்தது. ஆனாலும் எங்கள் மலை ஊரான தாண்டிக்குடியின் டீக்கடையில் ரமேஷ் யார் என்று கேட்டுப் பாருங்கள், சினிமாக்காரரா என்று திருப்பிக் கேட்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஜெயித்த பிள்ளைக்கு மாலை போடும்போது பின்னால் நிற்கிறவர் போட்டோவில் விழுவதில்லை.

பின்னால் நிற்கிறவர்களில் இன்னொரு ரகம் உண்டு. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களிலேயே மூழ்கிக் கிடப்பவர்கள். போலந்துக்காரர் கிரெகோர்ஸ் காயெவ்ஸ்கி அப்படிப்பட்டவர். 2007இல் ரூய் லோபஸ் தொடக்கத்தில் கறுப்புக் காய்களோடு ஆடியபோது, ஏற்கெனவே ஒரு கட்டம் தள்ளியிருந்த ராணிப் பக்கத்துச் சிப்பாயை, பத்தாவது நகர்த்தலில் இன்னொரு கட்டம் தள்ளி எதிராளிக்குத் தீனியாகக் கொடுத்தார். ஒரே போக்கில் போயிருக்க வேண்டிய சிப்பாயை இரண்டு தவணையில் தள்ளியதில் ஒரு நகர்த்தல் வீண், சிப்பாயும் போச்சு. பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் வெள்ளையின் ராஜாவை நோக்கிக் கறுப்புக் காய்களுக்கு வழி திறந்துவிட்டது. இன்று அந்த நகர்த்தலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆள் 2014 உலக சாம்பியன் போட்டியில் ஆனந்துக்கு உதவியாளர். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, குகேஷின் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

“இப்போதுதான் எல்லாம் போனிலேயே இருக்கிறதே, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் இலவசம், எந்த கிராண்ட்மாஸ்டரையும் அது அடிக்கும், அப்புறம் வாத்தியார் எதற்கு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டுகிறது. குகேஷின் முந்தைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கணினி இன்ஜின் பக்கமே விடவில்லை. தானே யோசித்து, தானே தப்பு பண்ணி, தானே தேடட்டும் என்று விட்டார். ரமேஷ் 2022இல் எழுதிய புத்தகமும் தொடக்க நகர்த்தல்களின் பட்டியல் இல்லை. அடுத்தடுத்த நகர்த்தல்களை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் பயிற்சி பற்றியது.

எங்கள் காப்பிக் களத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் போர்டு விரிப்பார்கள். தார்ப்பாய் போன்ற சுருட்டு போர்டு, ஒரு கறுப்பு யானை தொலைந்து அதற்குப் பதில் காப்பிக்கொட்டை நிற்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, படு சுட்டி. போனில் பார்த்து ‘இத்தாலியன்’ தொடக்கத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறாள். நாலாவது நகர்த்தலில் குதிரை பாய்ந்து போய் எதிராளி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை மிரட்ட வேண்டும், அதுதான் அவள் படித்த பாடம். அன்றைக்கு எதிரே இருந்த பொடியனுக்குத் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. அவன் மூன்றாவது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளினான். குதிரை வரவேண்டிய இடத்துக்கு அது காவல். இவள் அதைப் பார்க்கவே இல்லை, மனப்பாடப்படி குதிரையை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். பொடியன் சிரித்துக்கொண்டே வெட்டினான்.

“ஏம்மா அங்க வச்சே?”

“வீடியோல அப்படித்தான் தாத்தா சொன்னாங்க.”

வீடியோ பொய் சொல்லவில்லை. எதிரே இருப்பவன் என்ன பண்ணினான் என்று முதலில் பார் என்று அதட்ட அந்த வீடியோவுக்குள் ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் காப்பி விவசாயி. ராஜா, ராணி எப்படி நகரும் என்பதற்கு மேல் இரண்டு படி சொல்லித்தருவேன். மூன்றாவது படிக்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே கிடைக்கிறார்? பெரும்பாலும் சென்னையில். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தது அங்கேதான். ஒரு அறை, சில போர்டுகள், ருஷ்யப் புத்தகங்கள், தோற்றால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடும் வரிசை. அதிலிருந்து முளைத்ததுதான் இன்று நாம் கொண்டாடுவதெல்லாம். எங்களுக்குப் பக்கத்து மதுரைக்காரர் அரவிந்த் சிதம்பரம், தாத்தாவிடம் ஆட்டம் கற்றவர், அவரும் சென்னைக்குப் போய்த்தான் ஆளானார். மதுரைக்கே அந்தக் கதி என்றால் தாண்டிக்குடிக்கு? திண்டுக்கல்லில் ஒரு போட்டி என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து வேறு பஸ். முதல் சுற்றுக்கு உட்காரும்போதே பிள்ளை பாதி தோற்றிருக்கும். கூடப் போகும் தகப்பனுக்கு அன்றைய கூலியும் போச்சு.

குகேஷுக்குத் தமிழக அரசு 5 கோடி ரூபாய் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு, ஜெயிப்பதற்கு முன்னால் கொடுப்பதுதான் செலவு. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. காப்பித் தண்டில் துளைப்பான் பூச்சி விழுந்தால் செடியைப் பார்த்துச் சொல்லப் படித்த ஆள், சம்பளத்தோடு, மலையிலேயே உண்டு. வாரியத் தலைமையகம் இருக்கும் பெங்களூருக்குச் செடியைத் தூக்கிக்கொண்டு போ என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

செஸ்ஸுக்கும் அதேபோல ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சியாளர் போடுங்கள் என்கிறேன். கிராண்ட்மாஸ்டர் வேண்டாம். ரேட்டிங் வாங்கிவிட்டுப் படிப்பு, வேலை என்று ஆட்டத்தை விட்ட இளைஞர்கள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள். பள்ளியில் சொல்லித்தருவோருக்கென்றே உலக செஸ் அமைப்பான ஃபிடே தனிப் பட்டம் வைத்திருக்கிறது. அதை வாங்க ஆகும் செலவை அரசு ஏற்கட்டும். வாரம் இரண்டு நாள் தாண்டிக்குடி, ஒரு நாள் பண்ணைக்காடு, ஒரு நாள் பெரும்பாறை என்று பள்ளிக்கூட அறையிலேயே நடத்தலாம். ஆன்லைனில் படிக்கலாமே என்பவர்கள் ஐப்பசி மழையில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கி, எத்தனை மணி நேரம் கரண்ட்டும் டவரும் இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் பேசட்டும். மலையில் தங்க இடமில்லை என்று எந்தப் பயிற்சியாளரும் தயங்க வேண்டாம். என் தோட்டத்து வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, வாடகை கேட்க மாட்டேன்.