தண்ணீர் கேனும் இடுப்பும்

20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்துதான் அதைத் தூக்குவோம். போன வருஷம் என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. கேன் உடம்பைவிட்டுத் தள்ளிப்போகப் போக முதுகுத் தசைகள் பல மடங்கு பாரம் இழுக்கின்றன. தூக்கியபடியே இடுப்பைத் திருகினால் டிஸ்க்குக்கு இன்னும் கேடு. குத்துக்காலிட்டு, கேனை வயிற்றோடு அணைத்து, கால் பலத்தில் எழ வேண்டும். திரும்பும்போது பாதங்களை நகர்த்த வேண்டும். என்னைக் கேட்டால், கேனைத் தூக்கிக் கவிழ்க்கவே வேண்டாம், கைப்பம்பு வாங்குங்கள் என்பேன். சரி, தோளில் கேனோடு மூன்று மாடி ஏறிவந்து தண்ணீர் போடும் பையனின் முதுகு? வாசலில் உறுதியான ஸ்டூல் ஒன்று போடுங்கள். தரைவரை குனியாமல் அதில் இறக்கி வைக்கட்டும்.