மலையிடம் ஆல்டிமீட்டர் கிடையாது!

லேபில் ஒரு மீட்டர் தப்பான ரீடிங் காட்டினால் நாம் என்ன சொல்வோம்? "மீட்டர் ரிப்பேர் சார்!" அவ்வளவுதான். மீட்டர் நன்றாக இருக்கும்போதே ரீடிங் தப்பாக வரலாம் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? விமானத்தில் இருக்கும் ஆல்டிமீட்டரை விட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, ஆல்டிமீட்டர் உயரத்தை அளப்பதே இல்லை. அது ஒரு பாரோமீட்டர். காற்றழுத்தத்தை அளந்து, அடிக்கணக்கு எழுதிய டயலில் காட்டுகிறது. டயலைப் போட்டவர்கள் ஒரு 'ஸ்டாண்டர்டு' காற்றை மனதில் வைத்துக்கொண்டார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல், மேலே போகப் போக 1000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். கடுங்குளிரில் காற்று சுருங்கி, அழுத்த அடுக்குகள் கீழே இறங்கிவிடும். டயல் 5000 என்று காட்டும். விமானம் அதற்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு கீழே? ஃபிஸிக்ஸில் படித்த சார்லஸ் விதியே போதும். அலாஸ்காவில் கடல் மட்டத்தில் ஒரு விமான நிலையம், மைனஸ் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டிலிருந்து 45 டிகிரி வித்தியாசம். மைனஸ் 30 என்றால் 243 கெல்வின். 45-ஐ 243-ஆல் வகுத்தால் 0.185. அதாவது நிஜமாக 1000 அடியில் பறக்க 185 அடி கூட்டிப் பறக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அட்டவணை 190 அடி என்கிறது. நம் கணக்கு பரவாயில்லை! 5000 அடிக்கு அதே அட்டவணை 950 அடி கூட்டச் சொல்கிறது. கூட்டாதவர் டயலில் 5000 பார்த்துக்கொண்டு சுமார் 4200 அடியில் பறப்பார். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் போகிறவருக்குத் தடைகளுக்கு மேல் விடும் இடைவெளி சாதாரணமாக 1000 அடி, மலைப் பிரதேசத்தில் 2000 அடி வரை. அந்த ஆயிரத்தில் எண்ணூறு போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கு?

டவர் சொல்கிற பிரஷரை செட் பண்ணினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ரன்வேயில் ரீடிங் சரியாகும். மேலே போகப் போகத் தப்பு வளரும். ரேடியோ ஆல்டிமீட்டர் நேர் கீழே இருக்கும் தரையைத்தான் சொல்லும், முன்னால் நிற்கும் மலையை அல்ல. சாட்டிலைட் உயரம் கையில் இருக்கும்போது இந்தப் பழைய பாரோமீட்டர் எதற்கு என்பார்கள். அதற்கும் காரணம் இருக்கு. ஒரே இடத்தில் பறக்கும் எல்லா விமானமும் ஒரே தப்பைச் செய்வதால் அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிதாகக் கெடாது. மலைதான் இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை.

(சென்னையில் 35 டிகிரி வெயிலில் தப்பு மறுபக்கம் சாயும், டயல் காட்டுவதை விட விமானம் உயரத்தில் இருக்கும். நம்ம வெயிலையும் ஒரு தடவை பாராட்டிவிடுவோம்.)

இந்தத் திருத்தத்தை, "பைலட் பார்த்துக்கொள்வார்" என்று அவர் ஞாபகத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. பனி கொட்டும் ராத்திரியில் இறங்கப்போகிற மனுஷனிடம் அட்டவணையைத் தேடு என்பது நியாயமா? அமெரிக்காவில் குறிப்பிட்ட விமான நிலையங்களின் சார்ட்டில் ஒரு பனித்துகள் படமும் பக்கத்தில் ஒரு டெம்பரேச்சரும் அச்சடிக்கிறார்கள். அந்த அளவுக்குக் குளிர்ந்தால் திருத்தம் செய். கருவி எந்த நிபந்தனையில் உண்மை சொல்லும் என்பதைக் கண்ணெதிரே எழுதி வைப்பதுதான் இன்ஜினியர் வேலை.

ஆனாலும் ஒரு சிக்கல் பாக்கி. ஒருவர் 500 அடி கூட்டிப் பறக்கிறார், பின்னால் வருபவர் கூட்டவில்லை என்றால் 'எல்லோருக்கும் ஒரே தப்பு' என்ற பாதுகாப்பு அங்கேயே உடைந்தது. அதனால் எவ்வளவு கூட்டினேன் என்று கன்ட்ரோலரிடம் ரேடியோவில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், மலைக்குத் தப்பியவர் இன்னொரு விமானத்தின் உயரத்தில் போய் நிற்பார்.